நன்னிமாவின் 555 புத்தகம்

(பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் பேரப்பிள்ளைகள் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சங்கத்தின் 50 ஆண்டுகளைப் பற்றிப் பேச இங்கே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்கள் பேச வந்திருப்பது, இந்தச் சங்கத்தில் ஒருநாளும் உறுப்பினராக இல்லாத ஒருவரைப் பற்றி. கூட்டக் குறிப்புகளில் அவர் பெயர் கிடையாது. நன்கொடைப் பலகையில் இருப்பது அவருடைய கணவர் பெயர். அவர் பெயரை மேடையில் சொன்னால் மறுமையில் எங்கள் காதைத் திருகுவார் என்பதால் நாங்களும் சொல்லப் போவதில்லை. எங்களுக்கு அவர் நன்னிமா. தோட்டத்து மக்களுக்குக் கடையம்மா. கம்பத்து மலாய்க்காரர்களுக்கு மாக்சிக். மூன்று பெயரிலும் ஒரே ஆளைத்தான் இந்தப் புக்கிட் பெலிம்பிங் வட்டாரம் கூப்பிட்டது.

நன்னிமா பிறந்தது கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெண்கள் கப்பலேறுவது அரிது. ஆண்கள் மலாயாவுக்கு வருவார்கள், கடை வைப்பார்கள், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்புவார்கள். பெண்கள் கடிதத்தோடும் மணியார்டரோடும் குடும்பம் நடத்துவார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் குடிநுழைவுச் சட்டம் இறுகப் போகிறது என்ற பேச்சு வந்தபோதுதான், பலரும் மனைவி மக்களை அவசரமாக அழைத்துக்கொண்டார்கள். எங்கள் நன்னாவும் அப்படித்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி, பினாங்கு வழியாக, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் நன்னிமா இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் எங்கள் பெரியம்மா. அங்கிருந்து லாரியில் கோலசிலாங்கூர். பிறகு சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய இந்தக் கித்தாக்காடு.

வந்த முதல் ராத்திரி ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகளைப் பார்த்து, "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டாராம். இன்று கம்போங் குவாந்தானுக்கு அந்த மின்மினிகளைப் பார்க்க உலகமே வருகிறது. நன்னிமா கேட்ட கேள்வியை எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

அன்றைய தோட்டத்தைப் பற்றி இளையவர்களுக்கு இரண்டு வார்த்தை. நமக்கு அடுத்துள்ள பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. ஆனால் நன்னிமா வந்த காலத்தில் நம்மைச் சுற்றி இருந்தது பெரும்பாலும் ரப்பர்தான். ரப்பர்த் தொழிலாளியின் வயிறு வானத்தைப் பார்த்து நின்றது. விடியுமுன் பிரட்டு, பிறகு வெட்டு. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டுக் கடைசியில் அடைமழை பிடித்தால், ஒரு வாரம் பத்து நாள் வேலை நிற்கும். மழைக்குப் பிறகு மரம் இலையுதிர்க்கும். அப்போது பாலும் குறையும். இந்த இடைவெளியில் லயத்து அடுப்பு எரிய வேண்டுமென்றால் காக்கா கடையில் பற்று எழுத வேண்டும். நம் முன்னோர் நடத்திய கடைகளெல்லாம் இப்படித்தான் நடந்தன. அரிசியும் பருப்பும் விற்றது பாதி. மீதிப் பாதி, மழை விடும்வரை பொறுத்திருந்தது.

முன்கடையில் நன்னா உட்கார்ந்திருப்பார். அவருடைய பேரேடு தமிழில், சுத்தமாக, வரிக்கு வரி இருக்கும். பின்கட்டில், அடுக்களைக் கதவுப் பக்கம், நன்னிமா. பெண்கள் முன்பக்கம் வரமாட்டார்கள். கூச்சம் ஒரு காரணம். முன்பக்கம் கேட்டால் இல்லை என்று பதில் வரலாம் என்பது இன்னொரு காரணம். நன்னாவைக் கஞ்சன் என்று சொல்லவில்லை. மொத்தக்கடைக்கு மாதக் கடைசியில் பணம் கட்ட வேண்டியவர் அவர்.

நன்னிமா கொடுத்த விதத்தைத்தான் நாங்கள் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். 'சும்மா வச்சுக்கோ' என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அரிசி இல்லாத பெண்ணை, "புள்ள, மல்லி அரைக்க ஆளில்ல, ஒரு கை குடுத்துட்டுப் போ" என்று கூப்பிடுவார். அரைக்கிற மல்லி ஒரு கைப்பிடி இருக்கும். போகும்போது கூடையில் இரண்டு கட்டி அரிசி இருக்கும். கூலி வாங்கிய கௌரவத்தோடு அந்தப் பெண் லயத்துக்குத் திரும்புவாள். முறத்தில் புடைக்க வேண்டிய உளுந்து எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது. புடைத்த உளுந்தையே மறுபடி புடைக்கக் கொடுத்ததை எங்கள் அம்மா கண்ணால் பார்த்திருக்கிறார்.

பிள்ளைகளான எங்களிடம் பாத்திரம் கொடுத்தனுப்பும்போது மூன்று கட்டளை. கதவுக்கு வெளியிலேயே நில். அவர்கள் அடுப்பை எட்டிப் பார்க்காதே. பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது அதில் என்ன போட்டுக் கொடுத்தாலும், ஒரு கொத்துக் கறிவேப்பிலையாக இருந்தாலும், வேண்டாமென்று சொல்லாதே. "வாங்கிக்கத் தெரியாதவங்க குடுக்கப்படாது" என்பார். கொடுப்பவர் கையைப் போலவே வாங்குபவர் கையும் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதற்காக எப்போதும் சாந்தமே உருவாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நன்னிமாவின் வாய் தோட்டத்து முனைவரை கேட்கும். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குத் திரும்பிய ஆண்களை வாசலில் நின்று பெயர் சொல்லித் திட்டுவார். எங்களுக்கு அவித்த முட்டை பாதிதான். முழு முட்டை கேட்டால் நோஞ்சானுக்குக் கொடுத்ததுபோக மிச்சம் பாதி என்பார். யார் அந்த நோஞ்சான் என்று சொல்லமாட்டார்.

அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது நம் பெரியவர்களுக்குத் தெரியும். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாதென்று, பல வட்டாரங்களில் டின் உணவை விற்கும் கடைக்காரர் அங்கேயே டின்னில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஓட்டை போட்ட பால்டின் இந்த வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்? குளிர்பெட்டி ஏது? கைக்குழந்தைக்காரி ஒரு டின்னை முழுதாக வாங்கவும் முடியாது, வாங்கினால் தீருமுன் கெட்டுவிடும். நன்னிமா இரண்டு தாய்மாரைச் சோடி சேர்த்தார். ஒரு டின் இரண்டு வீட்டுக்கு, காசும் பாதிப்பாதி. சோடி சேர முடியாதவளுக்கு எங்கள் வீடே சோடி. எங்கள் அம்மாவும் லயத்துப் பிள்ளை ஒருத்தியும் அப்படி ஒரே டின்னில் வளர்ந்தவர்கள். இன்றும் அவர்களுக்குள் பேச்சு அக்காள் தங்கை பேச்சுதான்.

நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு பின்கட்டில் வரிசை நிற்கும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், இங்கே வந்தபிறகு சேர்ந்துகொண்ட பாண்டான் இலை. அந்தக் கஞ்சி வாசனைக்கு முஸ்லிம் பிள்ளைகளைவிட மற்றப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு அதிகம் வருவார்கள். மாரியம்மன் திருவிழா நேரத்தில் விரதம் இருக்கும் வீடுகளுக்குச் சமைத்த எதையும் அனுப்பமாட்டார். பிரிக்காத மூட்டையிலிருந்து அரிசியும் தேங்காயும் வெல்லமும் போகும். யாருக்கு எதை எப்படிக் கொடுத்தால் மனம் நோகாது என்பதை யாரும் அவருக்கு வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை.

காசில்லாமல் கொடுத்ததும் உண்டு. 1957இல் மெர்டேக்கா வந்தது. குடியுரிமை முதல் ஓராண்டு சுலபமாகக் கிடைத்தது. அதன் பிறகு விண்ணப்பிப்பவர் அடிப்படை மலாய் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துப் பெண்களில் பலர் லயத்துக்கும் வெட்டுக்காட்டுக்கும் அப்பால் போகாதவர்கள். பேர் என்ன, எத்தனை பிள்ளை, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்ற நாலு கேள்விக்கு மலாயில் பதில் சொல்ல, கடையின் பின்படியில் உட்கார வைத்து நன்னிமா சொல்லிக்கொடுத்தார். அவருக்கு மலாய் எப்படி வந்தது? பக்கத்துக் கம்பத்து அம்மாவிடம் பேசிப் பழகியது பாதி. ஜாவி எழுத்தில் வந்த துண்டுத்தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்தது பாதி. நன்னிமாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அரபு எழுத்து தெரியும். அதைப் பிறகு சொல்கிறோம்.

சிலர் நீல அடையாள அட்டை வாங்கிவிட்டார்கள். பலர் வாங்கவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணம் போக மனமில்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969க்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானது. இந்த மண்ணிலே பிள்ளை பெற்று, இந்த மண்ணிலே பெற்றோரைப் புதைத்தவர்கள், பல்லாயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். நம் வட்டாரத்திலும் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக இருண்டன. போகிறவர்கள் கடைக்கு வந்து கணக்குத் தீர்க்க நின்றார்கள். தீர்க்கப் பணமில்லை. கையிலிருந்த கோழி, கொப்பரை, மண்வெட்டி என்று கொண்டுவந்து வைத்தார்கள்.

நன்னா பொருளை எழுதி எடுத்துக்கொண்டார். பின்கட்டில் நன்னிமா அவர்களுக்குக் கப்பல் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். அவல், வறுத்த மாவு, ஊறுகாய், பிள்ளைக்குப் போர்வை. அந்த மாதங்களில்தான் நன்னிமாவின் கைக்காப்பு இரண்டும் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பி வராமல் போனது. நன்னா கேட்டாராம்: "நாம கடை நடத்துறோமா, கந்தூரி நடத்துறோமா?" நன்னிமா சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் பழமொழி ஆகிவிட்டது: "கந்தூரி வருசத்துக்கு ஒரு நாளு. பசி தெனமும் வருதே."

சொல்லக் கேட்க இது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காப்பு எங்கள் அம்மாவின் திருமணத்துக்கென்று வைத்திருந்தது. அம்மா இரவல் நகை போட்டுத்தான் மணமகளானார். "எனக்கு வரவேண்டிய காப்பு அந்தக் கப்பல்ல போச்சு" என்று சொல்லும்போது அம்மா சிரிக்கமாட்டார். தாராளம் என்பது ஒருவர் தனியாகச் செய்வதில்லை. ஒருவர் கொடுக்கிறார், வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து அந்த விலையைக் கட்டுகிறார்கள். நன்னிமாவைப் புகழும்போது, கட்டிய நன்னாவையும் பெரியம்மாவையும் அம்மாவையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் குறைந்தது, கடையும் சுருங்கியது. அப்போதும் ஒன்று மட்டும் குறையவில்லை. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துப் பால்டின்னில் போடுவது. நம் ஊர்களில் பிடியரிசி என்று சொல்வோமே, அதுதான். இந்தச் சங்கம் தொடங்கி, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, ஆண்கள் வெள்ளியாகக் கொடுத்தார்கள். அது ரசீதில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பெண்கள் பிடியரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். அதற்கு ரசீது கிடையாது. இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு டின் இருந்தது என்பதைப் பெரியவர்கள் தலையாட்டுவதிலிருந்தே தெரிகிறது.

இனி, அந்தப் பெட்டி. நன்னிமா வஃபாத்தான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். கஃபன் துணி, தஸ்பீஹ், ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள். அடியில், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பதினொரு 555 புத்தகங்கள். கடைகளில் பற்று எழுதுகிற அந்தச் சின்ன நோட்டு, இங்கே எல்லாருக்கும் தெரியும். திறந்தால் அரபு எழுத்து. ஓதிப் பார்த்தால் அரபு இல்லை.

எங்களில் இளையவள் ஒருத்தி மலாய்ப் பள்ளியில் படித்தவள். வீட்டிலும் மலாய்தான். தமிழ் காதில் விழும், வாயில் வராது. அவளுக்கு ஜாவி நன்றாகத் தெரியும். 'இது ஜாவிதான்' என்று வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு மூன்று எழுத்தில் இடறினாள். மற்றது ஓசையாக வந்தது, பொருள் வரவில்லை. 'மூ-னாம்-ல-யம்' என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, அடுக்களையிலிருந்த பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மூனாம் லயமா? இன்னொரு தடவ சொல்லு" என்றார். பெரியம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது.

அது அரபுத்தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்து எழுத்து உண்டாக்கிக்கொண்டது. மலாய்க்காரர்கள் ஜாவிக்குச் செய்ததை நம் முன்னோர் தமிழுக்குச் செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் மார்க்க நூல்களையே அதில் எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார் பலர் குர்ஆன் ஓதக் கற்றபோதே அதையும் கற்றுக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று மக்கள்தொகைக் கணக்கில் எழுதப்பட்ட பெண்கள், உண்மையில் எழுதியும் படித்தும் வந்தவர்கள்.

மூன்று இரவு, பெரியம்மாவும் அந்தப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி படிக்க, ஒருத்தி பொருள் சொன்னார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து எழுதிக்கொண்டோம். பெயர்கள் இல்லை. 'மூனாம் லயம், இரட்டைப் புள்ளைக்காரி, அரிசி 2 கட்டி.' 'கிணத்தடி வீடு, மழை 9 நாள், பருப்பு, கருவாடு.' வரிக்கு வரி முடிவில் ஒரே சொல்: 'ஹலால்.' அதாவது, என் உரிமையை விட்டுவிட்டேன், இந்தக் கடனை மறுமையில் கேட்கமாட்டேன். ஒரு புத்தகம் முழுக்க 'கப்பல், ஹலால்', 'கப்பல், ஹலால்' என்றே போகிறது. அது எந்த வருடத்துப் புத்தகம் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பெரியம்மா அந்தப் புத்தகத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கடைசிப் புத்தகம் வேறு மாதிரி. அதில் நன்னிமா கொடுத்தது இல்லை, வாங்கியது. 'கங்காணி வீட்டம்மா, முருங்கைக்கீரை.' 'சீனத்தி, முட்டை 4.' 'ஆத்தோரத்து மாக்சிக், மீன் ஒரு கோவை, காய்ச்சலா இருந்தப்ப.' இந்த வரிகளின் முடிவில் ஹலால் இல்லை. அது கொடுத்தவர்கள் சொல்ல வேண்டிய சொல் அல்லவா! அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். எதிரில் வரிக்கு வரி ஒரு சிறு கோடு. கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்குப் பெரியம்மா சொன்னார்: "துஆ கேட்டாச்சுன்னு அர்த்தம். ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லிக் கேப்பாங்க."

மவுத்தானவரின் கடனை வாரிசுகள் தீர்க்க வேண்டும். எனவே அந்தக் கடைசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். செம்பனைக் காட்டுக்குள் லயங்கள் இல்லை. மக்கள் ஜெராம், புக்கிட் ரோத்தான், காப்பார், கிள்ளான் என்று சிதறிவிட்டார்கள். எல்லோரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்த வீடுகளில், உங்கள் தாயார் எங்கள் நன்னிமாவுக்குக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தோம் என்றோம். முட்டை கொடுத்த சீன அம்மாவின் மகன் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டு நிறைய முட்டை எடுத்துவந்து கொடுத்தார். வேண்டாமென்று சொல்லாதே என்பது நன்னிமாவின் கட்டளை. வாங்கிக்கொண்டோம். அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

சகோதர சகோதரிகளே, நம் பிள்ளைகளில் பலருக்கு இன்று தமிழ் வாசிக்கத் தெரியாது. சிலருக்குப் பேசவும் வராது. இதைச் சொல்லி அவர்களைக் குறைகூற நாங்கள் வரவில்லை. ஜாவி படிக்கும் அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் எங்கள் நன்னிமாவின் கையெழுத்து எங்களுக்கு ஊமையாகவே இருந்திருக்கும். பெரியம்மா இல்லாவிட்டால் அது வெறும் ஓசையாக இருந்திருக்கும். பெரியம்மாக்களின் தலைமுறை நம்மைவிட்டு ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவரும் கேட்டுப் பொருள் சொல்லத் தெரிந்தவரும் ஒரே வீட்டில் இருக்கிற காலம் இன்னும் சில ஆண்டுகள்தான்.

ஆகவே சங்கத்தின் 51ஆம் ஆண்டுக்கு நாங்கள் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நோட்டு, கடிதம், ஓதும் கிதாபின் ஓரத்தில் எழுதிய குறிப்பு, எது கிடைத்தாலும் ஒரு பிள்ளையையும் ஒரு பாட்டியையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். கேட்டதை எழுதிச் சங்கத்திடம் ஒரு பிரதி கொடுங்கள். நம் சங்கத்துக் கணக்கில் ரசீது இல்லாத பாதி அதில்தான் இருக்கிறது. எந்தத் தாளும் கிடைக்காத வீடுகளில், பாட்டியிடம் யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டார்கள். யாரிடம் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள். மணிக்கணக்கில் சொல்வார்கள்.

வல்ல ரஹ்மான் எங்கள் நன்னிமாவின் கப்ரை விசாலமாக்கி ஒளியாக்குவானாக. பெயர் எழுதப்படாமல் இந்த வட்டாரத்துக்கு உழைத்துப்போன அத்தனை தாய்மார்களின் நற்செயல்களையும் ஏற்றுக்கொள்வானாக. கப்பலேறிப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எங்கிருந்தாலும் நலமாக வாழ அருள்வானாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.